உங்கள் ஏரியாவில் ஒருநாள் இலக்கிய விழா: ஆள் சேர்ப்பதிலிருந்து கணக்கு முடிப்பது வரை

சென்னையில் ஒரு ஏரியாக்காரர்கள் சேர்ந்து இலக்கிய விழா நடத்தலாம் என்று முடிவெடுத்ததும், முதல் போன் பெரும்பாலும் ஒரு பிரபல எழுத்தாளருக்குத்தான் போகிறது. அவர் தேதி கொடுத்ததும் மண்டபம் தேடுகிறார்கள், மண்டபம் கிடைத்ததும் பணம் தேடுகிறார்கள், கடைசி வாரத்தில் கூட்டம் தேடுகிறார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் நடத்தும் ஆட்கள், அப்புறம் வரப்போகும் ஆட்கள், தேதி, இடம், பணம், நிரல், அதற்குப் பிறகுதான் பேச்சாளர்.

இங்கே சொல்வதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே அரங்கம், நூறு பேர் அளவிலான விழாவுக்கு. 2023 ஜனவரியில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அரசு நடத்திய சென்னை இலக்கியத் திருவிழாவைப் பார்த்துவிட்டு, நாமும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அரங்கு போடலாம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. முதல் வருடம் வேண்டாம். நூறு பேரை மூன்றாகப் பிரித்தால் எந்த அரங்கிலும் கூட்டம் இருக்காது, பேச வந்தவர்களுக்கும் மனசு விட்டுப்போகும்.

கையில் குறைந்தது மூன்று மாதம் இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் விழாவை விட்டுவிட்டு ஒரு மாலைக் கூட்டமாக நடத்துங்கள், நன்றாகவே வரும்.

1. முதலில் ஆறு பேர்

ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். ஆனால் ஆளுக்கு ஒரு வேலை என்று பெயர் போட்டு எழுதிவிட வேண்டும்: பணம், இடமும் அனுமதியும், பேச்சாளர் தொடர்பு, புத்தக மேசை, குழந்தைகள் பகுதி, விளம்பரம். எல்லோரும் எல்லாம் பார்த்துக்கொள்வோம் என்று ஆரம்பித்த குழுக்களில் கடைசி நாள் மைக் சொல்ல ஆளிருக்காது, எழுத்தாளரை மட்டும் நான்கு பேர் மாறி மாறி அழைத்திருப்பார்கள்.

இந்த ஆறு பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு காரணத்துக்காகக் கூடுகிறவர்களாக இருந்தால் பாதிக் கவலை விட்டது. உங்கள் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பல கிளைகளில் இருக்கிறது, சிலவற்றில் பெயரளவில் மட்டும் இருக்கிறது, அப்படியென்றால் அதை எழுப்புவதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம். அது இல்லையென்றால் குடியிருப்போர் நலச் சங்கம், பள்ளியின் முன்னாள் மாணவர்கள், மாதம் ஒரு நாவல் என்று மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருக்கும் நண்பர்கள்.

விழாவுக்கு முன்னால் இவர்கள் இரண்டு சின்னக் கூட்டமாவது சேர்ந்து நடத்தியிருக்க வேண்டும். ஒரு சிறுகதை, பத்துப் பேர், ஒரு மணி நேரம். யார் சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள், யாருக்குக் கணக்கு எழுதும் பழக்கம் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

2. யார் வரப்போகிறார்கள் என்று நடந்து பாருங்கள்

இதைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு சனிக்கிழமை காலை கிளை நூலகத்தில் உட்கார்ந்து யார் என்ன எடுத்துப் போகிறார்கள் என்று பாருங்கள். வரலாற்று நாவல் வாங்கிப்போகும் ஓய்வு பெற்றவர், போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பெண்கள், காமிக்ஸ் தேடும் பையன், வார இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கும் பெரியவர். உங்கள் விழாவுக்கு வரப்போகிறவர்கள் இவர்கள்தான். இவர்களிடம் நேராகவே கேளுங்கள்: எந்த எழுத்தாளரை நேரில் பார்க்க ஆசை, எதைப் பற்றிக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்பி வருவீர்கள்?

கூடவே ஏரியாவுக்கென்று ஒரு பொருள் இருக்கும், அதையும் தேடுங்கள். பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் என்றால் 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை தலைமுறை தலைமுறையாக வீடுகளுக்குள் இருக்கிறது. ராயபுரம், காசிமேடு என்றால் கடல். திருவல்லிக்கேணி என்றால் பாரதி வாழ்ந்த வீடும், மேன்ஷன் அறைகளில் தங்கி வேலை தேடியவர்களின் கதைகளும். நிரலில் ஓர் அமர்வாவது இப்படி அந்த மண்ணைப் பற்றியதாக இருந்தால், இலக்கியக் கூட்டம் பக்கமே வராதவர்கள்கூடத் தங்கள் கதையைக் கேட்க வருவார்கள். சிலர் எழுந்து பேசவும் செய்வார்கள், அன்றைக்கு மேடையில் இருப்பவர்கள் சொல்லாத விஷயம் அவர்களிடம் இருக்கும்.

3. தேதி

சென்னையின் காலண்டரை முதலில் முழுசாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை புத்தகக் காட்சி. பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி 1977இலிருந்து நடத்திவருவது, இப்போது நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில். அந்தச் சமயத்தில் எழுத்தாளர், பதிப்பாளர், வாசகர் எல்லோருக்கும் கால் நந்தனத்தில்தான் இருக்கும், அவர்களோடு போட்டி போடாதீர்கள். டிசம்பரில் கச்சேரி சீசன், மயிலாப்பூர், தி.நகர் பக்கம் நல்ல அரங்கம் கிடைப்பது கஷ்டம். அக்டோபர் நடுவிலிருந்து வடகிழக்குப் பருவமழை, தெருவில் தண்ணீர் நின்றால் விழா நின்றது. மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு, பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள். மே மாதம் விடுமுறைதான், ஆனால் ஏசி இல்லாத அரங்கில் மதியம் இரண்டு மணிக்கு யாரையும் உட்கார வைக்க முடியாது.

மிச்சம் இருப்பது பிப்ரவரியும், ஜூலை முதல் செப்டம்பர் வரையும்.

என் சிபாரிசு ஆடி மாதம். கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகை பேசிக் குறைக்கலாம். ஆனால் ஆடி ஞாயிறுகளில் அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றுவார்கள், காலையிலிருந்தே ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். ஆகவே மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் பக்கத்துக் கோவிலில் போய், உங்கள் கோவிலில் எந்த ஞாயிறு கூழ் என்று கேட்டுவிடுங்கள். அந்த ஞாயிறை விட்டு வேறு ஞாயிறு எடுங்கள். அவர்கள் தெரு, அவர்கள் திருவிழா, ஸ்பீக்கரைக் குறைக்கச் சொல்லிப் போய் நிற்பது முறையும் இல்லை, அந்தக் கோவிலுக்கு வரும் பாதிப் பேர் உங்கள் விழாவுக்கும் வர வேண்டியவர்கள்.

ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். அப்புறம் மண்டபமும் கிடைக்காது, வருகிறேன் என்றவர்களும் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள்.

4. இடம்

கிளை நூலகத்தில் இடம் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. நூலகரிடம் வாய்மொழியாகச் சரி என்று வாங்கிக்கொண்டு நின்றுவிடாதீர்கள், அனுமதி மாவட்ட நூலக அலுவலர் வரை போக வேண்டியிருக்கும், எழுத்தில் கேளுங்கள். அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கில் இலக்கியக் கூட்டங்கள் வழக்கமாக நடக்கின்றன. நகரம் முழுக்க இருந்து ஆள் வர வேண்டும் என்றால் அது நல்ல இடம், ஏரியா மக்கள் வர வேண்டும் என்றால் ஏரியாவிலேயே பாருங்கள். பள்ளி அரங்கம், சங்கக் கட்டடம், சின்னக் கல்யாண மண்டபம் எதுவானாலும் சரி. எண்பது பேர் உட்காரும் அறை நிரம்பி நாலு பேர் நிற்பது, முந்நூறு நாற்காலியில் நூறு பேர் சிதறி உட்காருவதைவிட எவ்வளவோ மேல்.

போய்ப் பார்க்கும்போது இதையெல்லாம் கவனியுங்கள். மாடிப்படி ஏறாமல் உள்ளே போக முடியுமா? இலக்கியக் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறவர்களில் வயதானவர்கள் அதிகம், இரண்டாவது மாடி என்றால் பாதிப் பேர் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, அதில் தண்ணீர், தாழ்ப்பாள். ஜெனரேட்டர் இருக்கிறதா, டீசல் யார் போடுவது?

அப்புறம் சத்தம். எல்லா மின்விசிறியையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, மேடையில் ஒருவரை நிறுத்தி ஒரு கவிதையைச் சாதாரணக் குரலில் வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். சுவரெல்லாம் டைல்ஸ் ஒட்டிய மண்டபங்களில் வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். கடைசி வரிசையில் கவிதை புரியவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம்.

5. அனுமதிகள்

ஒலிபெருக்கி வைக்க அனுமதி வேண்டும், ஏரியா காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகல் நேர அளவு 55 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. பேச்சுக்கு அரங்கத்துக்கு உள்ளே இரண்டு பெட்டி போதும், தெருவில் குழாய் கட்டவே வேண்டாம்.

சாலையில் பேனர் வைக்காதீர்கள். மாநகராட்சி அனுமதி இல்லாத பேனர் சட்டப்படி தவறு, இந்த ஊரில் அதனால் உயிரே போயிருக்கிறது. அரங்க வாசலுக்குள் ஒரு துணிப் பதாகை போதும். தேர்தல் தேதி அறிவித்திருந்தால் நன்னடத்தை விதிகள் பற்றியும் விசாரித்துவிடுங்கள்.

6. பணம்

செலவுப் பட்டியலை முதலில் எழுதுங்கள்: அரங்க வாடகை, ஒலி, நாற்காலி, சாப்பாடு, டீ, அச்சு, பேச்சாளர் பயணச் செலவும் மதிப்பூதியமும், சுத்தம் செய்கிறவர்களுக்கான கூலி. கடைசி இரண்டும்தான் பல பட்டியல்களில் விடுபடுகின்றன.

பேச்சாளருக்குப் பணம் கொடுப்பது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பந்தல்காரருக்கும் சவுண்ட் சர்வீஸ்காரருக்கும் பேரம் பேசியாவது கொடுத்துவிடுகிறோம். எழுதுகிறவருக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் போதும் என்று நினைக்கிறோம். தாம்பரத்திலிருந்து எண்ணூர் வரை ஒருவர் ஒரு ஞாயிறைச் செலவழித்து வருகிறார், அதற்கு முன்னால் தயாரிக்க இரண்டு இரவு உட்கார்ந்திருப்பார். தொகை சிறியதாக இருந்தாலும் கவரில் போட்டு, அன்றே கொடுங்கள். பொன்னாடைச் செலவை வெட்டினாலே அதில் கொஞ்சம் வந்துவிடும்.

ஒரே புரவலரிடம் முழுத் தொகையையும் வாங்காதீர்கள். மேடையில் நாற்காலி, அழைப்பிதழில் படம், பேச இருபது நிமிடம் என்று அது வளர்ந்துகொண்டே போகும், மறுக்கவும் முடியாது. பதிலாக ஏரியாவில் பங்கு பங்காகக் கேளுங்கள். பணமாகவே இருக்க வேண்டியதில்லை. டீக்கடைக்காரர் ஒரு வேளை டீ, பந்தல் கடைக்காரர் நாற்காலி, அச்சகம் வைத்திருப்பவர் அழைப்பிதழ். இப்படிக் கொடுத்தவர் குடும்பத்தோடு வருவார், அதுதான் இதில் பெரிய லாபம். வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் சீட்டு கொடுங்கள்.

7. நிரல்: தொடக்க விழாவைச் சுருக்குங்கள்

நம் ஊர் இலக்கியக் கூட்டங்கள் கெட்டுப்போகும் இடம் இதுதான். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, மூன்று வாழ்த்துரை, குத்துவிளக்கு, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் போட்டோ. பத்து மணிக்கு என்று போட்ட முதல் அமர்வு பதினொன்றே முக்காலுக்கு ஆரம்பிக்கும். ஒரு வருடமாக எழுதிக் கொண்டுவந்த கவிஞரிடம், ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள் என்று துண்டுச் சீட்டு போகும்.

தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. அதன்பின் ஒரே ஒருவர், ஐந்து நிமிடம், யார் நடத்துகிறோம், இன்றைக்கு என்னென்ன, சாப்பாடு எங்கே, கழிப்பறை எங்கே என்று சொல்ல வேண்டும். நேராக முதல் அமர்வு. மரியாதை செய்ய வேண்டியவர்கள் இருந்தால் முதல் வரிசையில் உட்கார வைத்து, பெயர் சொல்லி வணக்கம் சொல்லுங்கள். இதைக் குழுவில் முதலிலேயே முடிவு செய்து எழுதிக்கொள்ளுங்கள், கடைசி வாரம் அவரை மேடையில் ஏற்றாவிட்டால் எப்படி என்று யாராவது கேட்கும்போது, எல்லோருக்கும் ஒரே விதி என்று சொல்ல அது உதவும்.

ஓர் அமர்வு 45 நிமிடம்: முப்பது உரையாடல், பதினைந்து கேள்வி. இடையில் பத்து நிமிட இடைவெளி, தாமதத்தை அதுதான் விழுங்கும். ஒரு நாளைக்கு ஐந்து அமர்வுக்கு மேல் வேண்டாம். தனி உரையைவிட இருவர் உரையாடல் நன்றாக எடுபடும், ஆனால் கேள்வி கேட்கிறவர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும். பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு வந்தால் இரண்டாவது கேள்வியிலேயே கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். சாப்பாட்டுக்கு அடுத்த அமர்வில் பேச்சு வைக்காதீர்கள், வாசிப்பு, கதை சொல்லல், பாட்டு, பறை என்று காதுக்கு வேலை கொடுங்கள்.

கேள்வி நேரத்தில் மைக்கைக் கையை விட்டுக் கொடுக்கக் கூடாது. தன்னார்வலர் ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்கட்டும். இல்லையென்றால் முதல் ஆளே பத்து நிமிடம் பேசிவிடுவார், பின்வரிசையில் தயங்கித் தயங்கிக் கை தூக்கிய கல்லூரிப் பெண்ணுக்கு நேரமே வராது.

8. இப்போது பேச்சாளர்களை அழையுங்கள்

தேதி, இடம், நிரல் மூன்றும் கையில் இருந்தால் உங்கள் அழைப்பே வேறு மாதிரி இருக்கும். முதல் செய்தியிலேயே எல்லாம் இருக்கட்டும்: என்ன தலைப்பு, எத்தனை நிமிடம், கூட யார், எந்த மாதிரிக் கூட்டம், எவ்வளவு தர முடியும், யார் அழைத்து வருவார்கள், வீடியோ எடுப்பீர்களா, எடுத்தால் எங்கே போடுவீர்கள். நீங்கள் வந்து எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் என்பது மரியாதை மாதிரித் தெரிந்தாலும், தயாரிப்பு முழுவதையும் அவர் தலையில் கட்டுவதுதான்.

பட்டியலை எழுதியதும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெண்கள் ‘பெண் எழுத்து’ அமர்வில் மட்டும், தலித் எழுத்தாளர்கள் ‘ஒடுக்கப்பட்டோர் இலக்கியம்’ அமர்வில் மட்டும் இருக்கிறார்களா? அப்படியென்றால் பட்டியலைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதுங்கள். நாவல் வடிவம் பற்றி, மொழிபெயர்ப்பு பற்றி, சென்னைத் தமிழ் பற்றிப் பேச அவர்களிடம் நிறைய இருக்கிறது.

உள்ளூரில் எழுதுகிறவர் இருவராவது மேடையில் இருக்க வேண்டும். முதல் தொகுப்பு மட்டும் போட்டவராக இருந்தாலும் பரவாயில்லை.

9. புத்தக மேசை

அன்று பேசுகிறவர்களின் புத்தகங்கள் அன்று அங்கே இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. விழாவுக்கு ஒரு மாதம் முன்பே பதிப்பகங்களோடு பேசி, விற்றது போக மிச்சத்தைத் திருப்பித் தரும் முறையில் எடுங்கள். வாங்கும்போது தலைப்பு, பிரதி எண்ணிக்கை, விலை மூன்றையும் இருவரும் கையெழுத்திட்ட பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். புத்தகக் காட்சியில் கிடைக்கும் பத்து சதவீதக் கழிவை இங்கேயும் எதிர்பார்ப்பார்கள், அதைப் பதிப்பகத்திடம் முதலிலேயே பேசுங்கள்.

மேசை இருக்க வேண்டிய இடம், அரங்கிலிருந்து சாப்பாட்டுக்குப் போகும் வழி. தனி அறையில் வைத்தால் யாரும் போகமாட்டார்கள். மாறி மாறி இருவர், ஸ்கேன் செய்ய ஓர் அட்டை, சில்லறை, கையெழுத்து வாங்க ஒரு நாற்காலி.

10. குழந்தைகள்

போட்டியும் பரிசும் வேண்டாம். கதை சொல்ல ஒருவர், தனி அறை, ஒரு மணி நேரம், பாய் விரித்துத் தரையில். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் அம்மாக்கள் அரங்கில் முழு அமர்வும் உட்காருவார்கள், அதற்காகவே இதைச் செய்யலாம்.

11. ஊருக்குச் சொல்வது

அழைப்பிதழில் எழுத்தாளர் முகம் பெரியதாகவும் முகவரி எறும்பு அளவிலும் இருக்கும். மாற்றுங்கள். தேதி, கிழமை, நேரம், பக்கத்தில் எந்தப் பஸ் ஸ்டாப், எந்த மெட்ரோ, எந்தக் கடைக்கு எதிரில், இதெல்லாம் பெரிய எழுத்தில். அனுமதி இலவசம் என்று மறக்காமல் போடுங்கள், போடாவிட்டால் நிறையப் பேர் தயங்கி நின்றுவிடுவார்கள்.

வாட்ஸப்பில் அனுப்பினால் பார்ப்பார்கள், நேரில் கூப்பிட்டால்தான் வருவார்கள். நூலகம், டீக்கடை, இஸ்திரி வண்டி, டியூஷன் சென்டர், தையல் கடை என்று நோட்டீஸோடு போய் இரண்டு நிமிடம் நின்று பேசுங்கள். குழுவில் ஒவ்வொருவரும் பத்துப் பேரைப் போனில் அழைத்து, முந்தின நாள் மறுபடி நினைவூட்டினாலே அரங்கம் பாதி நிரம்பிவிடும்.

12. அன்றைக்கு

ஒலி ஆட்கள் இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிட வேண்டும். ஏரியா சவுண்ட் சர்வீஸ்கள் பெரும்பாலும் பாட்டுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் பழகியவர்கள், எக்கோவையும் பேஸையும் ஏற்றியே வைத்திருப்பார்கள். அதில் பேச்சு குழைந்து போகும். அண்ணே, எக்கோ மொத்தமா எடுத்துடுங்க, பேஸ் குறைங்க, பேச்சு மட்டும்தான் என்று சொல்லி, மறுபடி அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். கார்ட்லெஸ் மைக்குக்குப் புது பேட்டரி நான்கு உங்கள் பையில் இருக்கட்டும், ஒயர் வைத்த மைக் ஒன்று மாற்றாகத் தயாராக இருக்கட்டும்.

முதல் வரிசையில் ஒருவர் ‘10’, ‘5’, ‘முடிக்கவும்’ என்று எழுதிய மூன்று அட்டைகளோடு. இதைப் பேச்சாளரிடம் மேடை ஏறும் முன்பே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கூட்டம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள், இருபது பேர் இருந்தாலும் சொன்ன நேரத்துக்கு ஆரம்பியுங்கள். நேரத்துக்கு வந்தவர்களைக் காக்க வைத்தால் அடுத்த வருடம் அவர்களும் தாமதமாகத்தான் வருவார்கள்.

வாசலில் ஒரு நோட்டு: பெயர், ஏரியா, போன் நம்பர், மாதக் கூட்டத்துக்கு அழைக்கலாமா. எழுதச் சொல்லிக் கேட்க ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும், சும்மா வைத்தால் நாலு பெயர்தான் இருக்கும்.

13. மறுநாள் முதல்

மூன்று நாளுக்குள் புத்தகங்களை எண்ணித் திருப்பி, விற்ற தொகையைப் பதிப்பகங்களுக்குக் கட்டிவிடுங்கள். தாமதித்தால் அடுத்த முறை தரமாட்டார்கள். ஒரு வாரத்துக்குள் வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதி, பணமும் பொருளும் கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள், டீ கொடுத்தவர் உட்பட. மிச்சம் இருந்தால் எவ்வளவு, யாரிடம் இருக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

பேச்சாளர்களுக்கு ஒரு நன்றிச் செய்தி, கூடவே அவர்கள் அமர்வின் வீடியோ. போடுவதற்கு முன் அவர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

குழு ஒருமுறை உட்கார்ந்து எங்கே தடுமாறினோம் என்று எழுதி வைக்க வேண்டும், ஒரு மாதம் போனால் எல்லாம் மறந்துவிடும். அப்புறம் அந்த நோட்டை எடுங்கள். அழைக்கலாம் என்று எழுதிய ஒவ்வொருவருக்கும், அடுத்த மாதம் எந்த ஞாயிறு, எந்தச் சிறுகதை, கிளை நூலகத்தில் எத்தனை மணிக்கு என்று இரண்டு வாரத்துக்குள் போன் போயிருக்க வேண்டும். விழாவன்று குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர், மைக் பிடித்தவர், டீ கொண்டுவந்த பையன், இவர்களுக்குத்தான் முதல் போன்.